அக்கா நீக்க மறுத்த முதற்பக்கம்

எங்கள் அக்காவைப் பற்றி எழுதும்படி குடும்பத்தார் என்னிடம் கேட்டார்கள். நான் அவருக்கு நேரே இளையவன். வுப்பர்டாலில் அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா சாவகச்சேரியில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். உயர்தரப் படிப்பு முடித்து ஆசிரியராக நினைத்திருந்தபோது நாட்டு நிலைமை மோசமானது. ஜெர்மனிக்கு வந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னர் வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். என்னையும் தம்பிமாரையும் அழைப்பித்தவர் அவரே. திருமணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தார். அதுதான் அவர் விரும்பிய வேலை.

அவர் வகுப்பில் மதுரா என்றொரு பத்து வயதுப் பிள்ளை இருந்தாள். இன்று வளர்ந்துவிட்ட அவள், இதில் தன் பெயரை எழுதலாம் என்று சொன்னாள். அப்போது வாசிக்கச் சொன்னால் எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிப்பாள். ஒருநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அக்கா, "உனக்குப் பஞ்சி. வீட்டில புத்தகத்தைத் திறக்கிறேல்லை" என்று, சோம்பேறியென ஏசிவிட்டார். அடுத்த கிழமையிலிருந்து மதுரா வரவில்லை.

சில மாதங்களின் பின் அவளுடைய தாயாரைக் கடையில் கண்டோம்.

"ரீச்சர், அவளுக்கு லெகஸ்தெனி எண்டு ஜெர்மன் பள்ளிக்கூடத்தில சோதிச்சுச் சொல்லிப்போட்டினம். அது பஞ்சி இல்லை."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கெட்டித்தனமான பிள்ளைக்கும் வரக்கூடிய வாசிப்புச் சிரமம் அது.

அந்தக் கிழமையே அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு புத்தகக்கடைக்குப் போனார். வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது பற்றி, ஆசிரியர்களுக்கென்றே எழுதிய தடித்த ஜெர்மன் நூல் ஒன்றை வாங்கினார். சலவையறையில் பழகிய ஜெர்மன் அதற்குப் போதவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் அகராதியும் பென்சிலுமாக இருந்து வாசித்து முடித்தார். பிறகு மதுரா வீட்டுக்குப் போனார்.

"நான் உன்னை ஏசினது பிழை. மன்னிச்சுக்கொள் பிள்ளை."

மதுரா கொஞ்சம் யோசித்தாள். "இனியும் எல்லாருக்கும் முன்னால வாசிக்கோணுமோ?"

"இல்லை. நீ ஓம் எண்டு சொன்னால் மட்டும்."

அவள் திரும்பி வந்தாள். வேகமாக வாசிக்க அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் வாசித்தாள்.

அதன்பின் அக்கா தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கைநூல் எழுதினார். ஜெர்மன் எழுத்தோடு வளரும் பிள்ளையை 'கெ' ஏன் குழப்புகிறது, முன்னால் நிற்கும் கொம்பின் ஒலி பின்னால் வருவதை எப்படி விளங்கப்படுத்துவது, சிவப்புப் பேனாவை எடுக்கமுதல் பிள்ளையிடம் என்ன கேட்பது என்றெல்லாம் அதில் இருந்தது. முதற்பக்கத்தில், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், தான் செய்த பிழையை எழுதினார்.

பள்ளிப் பொறுப்பாளர் அண்ணை, "அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ. பெற்றோர் வாசிச்சால் எங்களை மதிக்காயினம்" என்றார்.

"ஏலாது அண்ணை. அதை எடுத்தால் மிச்சத்தை ஆர் நம்புவினம்?"

பள்ளியின் பெயரில் அச்சிட அவர் மறுத்தார். அக்கா தாமே பிரதி எடுத்துக் கொடுத்தார். இரண்டு ஆசிரியர்கள் வாங்கவில்லை. மற்றவர்கள் இன்றும் பாவிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கைநூலைத் திருத்திக்கொண்டிருந்தவருக்குப் பென்சில் பிடிக்க முடியாமல் போனது. நான் பக்கங்களை வாசித்தேன், அவர் திருத்தம் சொன்னார். "ஆறுதலா வாசி. ஆரும் எங்களைக் கலைச்சுக்கொண்டு வரேல்லை" என்றார். ஒன்பதாம் பாடத்தில் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா இறந்தார். பக்கத்தில் இருந்தேன். பிறகு படிவங்களில் கையெழுத்து வைத்தேன்.

ஆஸ்பத்திரித் தாதியருக்கும், நாள்தோறும் வந்திருந்த பொறுப்பாளர் அண்ணைக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், அக்காவின் வகுப்பை ஒரு சனிக்கிழமையும் தவறவிடாத ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிச் சடங்கில் உங்களில் பலர் என் கையைப் பிடித்து அக்காவைப் பற்றி ஏதோ சொன்னீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தால் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அதைத் திரும்பச் சொல்லுங்கள்.