கீழ்வரிசையில் மூன்றாவது முகம்

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த மாணவரை, முடிவு வரும்வரை, வளாக நேர்காணலில் தற்காலிகமாக அனுமதிக்க வேண்டும். என் மகன் படிக்கும் கல்லூரியின் விதிப்புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ‘அனுமதிக்கலாம்’ அல்ல, ‘வேண்டும்’. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் ஓய்வுபெறும்வரை அரசாங்கச் சம்பளம் வாங்கினேன்.

மகனுக்கு இறுதியாண்டு. கம்பெனிகள் கேட்பது பத்துக்கு ஏழு கிரேடு. ஒரே ஒரு தாளால் அவன் ஏழுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டான். அந்தத் தாளை மறுமதிப்பீட்டுக்குக் கொடுத்திருந்தோம். அவன் மோசமாகப் படிப்பவன் இல்லை; பிரமாதமாகப் படிப்பவனும் இல்லை. நடுவில் நிற்பவர்களுக்கு எந்த அரசாணையிலும் சலுகை கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பெரிய கம்பெனி ஒன்று வருவதாக இருந்தது. விதியைச் சுட்டி மனு எழுதிக்கொண்டுபோய் வேலைவாய்ப்புப் பிரிவு அதிகாரியைப் பார்த்தேன். இளைஞர், மரியாதையானவர்.

“ரூல் கரெக்ட்தான் சார், நான் இல்லேங்கல. ஏழுக்குக் கீழ இருந்தா சிஸ்டம் பேர எடுக்க மாட்டேங்குது.”

“கையால் எழுதிச் சேர்த்துவிடுங்களேன்.”

“அதுக்கு மேலருந்து லெட்டர் வரணும் சார். ஒங்க மனுவ அனுப்பிட்டேன். வந்துரும்.”

‘வந்துரும்’ என்பதன் நீளம் எனக்குத் தெரியும். நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஒரு நினைவூட்டல். அதற்குள் கம்பெனி வந்தது. நண்பர்கள் தேய்த்த சட்டையோடு உள்ளே போக, என் மகன் கேன்டீனில் உட்கார்ந்து அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டான்.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு வேலை கிடைத்தது. மகனுடைய வகுப்புத் தோழன். அவனியாபுரத்தில் காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் வைப்பார்கள், இதற்கு வைக்காமலா? பஸ் ஸ்டாப்பில் அவன் கோட்டு போட்டு ஆளுயரத்துக்கு நின்றான். அடியில் வாழ்த்துபவர்களின் முகங்கள், தபால்தலை அளவில். மூன்றாவது என் மகன். ஹால்டிக்கெட்டில் ஒட்டிய அதே போட்டோ.

நாங்கள் வண்டியில் அந்தப் பக்கம் போனபோது ஃபிளெக்ஸின் ஒரு மூலை அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஏணியோடு நின்ற தோழன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“மாப்ள, நீதான் ஒசரம். அந்தக் கயித்த கொஞ்சம் இழுத்துக் கட்டுறா.”

“கோட்டு ஒனக்கு, ஏணி எனக்காடா?”

“அடுத்தது ஒனக்குத்தான். இதவிடப் பெருசா வைக்கிறோம் பாரு.”

“மொதல்ல ஏழு வரட்டும்டா.”

இருவரும் சிரித்தார்கள். மகன் ஏணியில் ஏறி, இரட்டை முடிச்சாகப் போட்டு இறங்கினான். காற்றுக்கு அவிழாத முடிச்சு.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு மனு எழுத உட்கார்ந்தேன்.

“போதும்ப்பா. இன்னும் எம்புட்டுத்தான் எழுதுவீங்க? நீங்க எழுத எழுத, நான் தேறாதவன்னு ஆபீஸ் ஆபீஸா சொல்லிவிட்ட மாதிரி இருக்கு.”

பேனாவை மூடினேன்.

பிறகு எந்தக் கம்பெனியும் வரவில்லை. மறுமதிப்பீடு வேறு பிரிவு. அதன் முடிவும் வரவில்லை. மனுவுக்கான பதில் மட்டும் ஒரு காலையில் மின்னஞ்சலில் வந்தது. பிழையே இல்லாத கடிதம். தீபாவளிக்கு முன் நடக்கவிருக்கும் நேர்காணலில் என் மகனைத் தற்காலிகமாக அனுமதிக்க ஆணையிட்டிருந்தார்கள்.

ஜல்லிக்கட்டு வாடிவாசல் மைக்கில் மாட்டுக்காரர்களின் பெயர்கள் தெருவரைக்கும் கேட்டன.

“பயலுக கூப்புடுறாய்ங்கப்பா, மாடு பாக்கப் போறேன்” என்றவன், என் முகத்தைப் பார்த்து நின்றான். “என்னப்பா, மெயிலா?”

போனை அவனிடம் கொடுத்தேன். கடைசி வரிவரை படித்தான். “இன்னைக்குத் தேதியப் பாருங்கப்பா” என்று திருப்பிக் கொடுத்தான்.

தை முதல் நாள்.