முட்டி உள்ளே போகாமல்

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கணவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதும் திரும்பக் கிடத்துவதும் அவள் ஒருத்தியின் பாடு.

ஒரு காலையில் குனிந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் தரையில் விழுந்தார்கள். போன் அலமாரி மேல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளும்வரை அப்படியே கிடந்தார்கள். கணவரின் உடுப்பு நனைந்திருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மகள் ஓடி வந்தாள். அப்பாவைக் காப்பகத்தில் சேர்த்துவிடலாம், இடம் பார்த்தாயிற்று, மாதக் கடைசியில் வண்டி வரும் என்றாள். மகள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவரை அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை.

இடுப்பு வலி அடங்கியதும் மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் போனாள். முதுகால் தூக்குவதுதான் வினை, தொடைதான் தூக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். பின்னால் நாற்காலி, பாதங்கள் தோள் அகலத்தில், நெஞ்சு நிமிர்ந்து. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகால் எழும்பாமல் மெல்ல இறங்கி, நாற்காலி பட்டதும் எழ வேண்டும். முட்டி கால்விரல் பார்க்கும் பக்கமே போக வேண்டும்.

முதல் நாள் நான்கு தடவை செய்தாள். ஐந்தாவதில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி... உள்ள போகுது," என்றார்.

"நீங்க வாய மூடிக்கிட்டு இருங்க." சொல்லிவிட்டு முட்டியை வெளியே தள்ளினாள்.

தினமும் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் செய்தாள். சில நாள் பத்து வந்தது, சில நாள் ஆறுகூட வரவில்லை. அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார். நாட்கள் மட்டும் ஓடின.

வண்டி வந்த அன்று, மகள் பார்க்க, அவரைத் தூக்கினாள். ஒரு சாண் எழும்பியவர் திரும்பக் கட்டிலில் சரிந்தார். மகள் கை கொடுக்க வந்தாள். வேண்டாமென்று தடுத்துவிட்டு, பாதங்களை அகற்றி, இடுப்பைத் தாழ்த்தி, அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ரைட்," என்றார் அவர் காதருகே.

குதிகாலை ஊன்றி எழுந்தாள், திரும்பினாள், நாற்காலியில் இறக்கினாள்.

"நாளைக்கும் முடியுமாம்மா?"

"தெரியலடி. இன்னிக்கு முடிஞ்சுது."

மகள் வண்டியைத் திருப்பி அனுப்பினாள். காப்பகத்தில் அந்த இடத்தை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கச் சொன்னாள். அம்மா வேண்டாமென்று சொல்லவில்லை.