சேவல் பெட்டியில் இரண்டு வெள்ளை மாத்திரைகள்

தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் எங்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் பெரும்பாடு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் வேளாவேளைக்கு யாரோ மாத்திரை கொடுத்தார்கள், யாரோ சீட்டில் குறித்து வைத்தார்கள். வீட்டில் அந்த யாரோ எல்லாமே அம்மா ஒருத்திதான்.

விருதுநகரிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்று, மஞ்சள் பை நிறைய மாத்திரை அட்டைகளும் கூடவே வந்தன. நெஞ்சுவலிக்கு, ரத்தம் கட்டாமல் இருக்க, பிரஷருக்கு, சுகருக்கு, காலில் இறங்கும் நீருக்கு என்று காலையில் மட்டும் ஐந்து. மதியம் ஒன்று, ராத்திரி மூன்று. அங்கிருந்த நர்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னாராம். பதினோரு நாள் பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கிய அம்மா, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். சாத்தூர் தாண்டுவதற்குள் பாதி மறந்துவிட்டது என்று அவளே சொன்னாள்.

அப்பா லாரியில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். தீபாவளி சீசனில் அவர் வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வருவார். அம்மாவுக்கு எங்கள் ஊர்க் குடோனிலேயே கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் வேலை. தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது. நான் நான்காம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. இந்தப் படையை வைத்துக்கொண்டுதான் அம்மா தாத்தாவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். தாத்தா முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வாட்ச்மேனாக இருந்தவர். எழுத்துத் தெரியாவிட்டாலும் லேபிள் படம் ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. அதனால் அம்மா இருபத்தொரு காலித் தீப்பெட்டிகள் சேர்த்தாள். சேவல் படம் போட்டது காலைக்கு, கப்பல் மதியத்துக்கு, ரோஜா ராத்திரிக்கு. நாளுக்கு மூன்று பெட்டி வீதம் ஏழு அடுக்காகத் தாத்தாவின் கட்டில் பக்கத்து அலமாரியில் நின்றன. வேளைக்கு ஒரு பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி விழுங்க வேண்டியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத்துக்கான பெட்டிகளை நிரப்புவோம். அதற்கும் அம்மா குடோன் முறையைத்தான் கொண்டு வந்தாள். குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காலிப் பெட்டி கை மாறிக் கை மாறிப் போகும்போது ஒருத்தி கம்பி மத்தாப்பு வைப்பாள், அடுத்தவள் சக்கரம், அதற்கடுத்தவள் புஸ்வாணம். கடைசியில் இருப்பவள் எண்ணிப் பார்த்து மூடுவாள். எங்கள் வீட்டிலும் அதே வரிசை. தம்பி பிரஷர் மாத்திரை போடுவான், நான் இரண்டு வகை, அம்மா இரண்டு வகை. அம்மா எண்ணி மூடுவாள். தம்பி ஒவ்வொரு பெட்டிக்கும் “கெளம்பு” என்று கத்துவான். தாத்தா கட்டிலில் படுத்தபடி சிரிப்பார்.

மூன்றாவது வாரம் சீசன் உச்சத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் குடோன் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் தாத்தாவை டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்க மறுபடி விருதுநகருக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போய்க்கொள்ளலாம், அதுவரை இருக்கும் மாத்திரை போதும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தாள். சாயங்காலம் அவள் வருவதற்குள் எல்லாப் பெட்டிகளையும் நானே அடுக்கி முடித்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. சின்ன வயதிலேயே எனக்குக் கொஞ்சம் பெரியமனுஷித்தனம் உண்டு. இப்போதும் அது முழுக்கப் போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன்.

புதன்கிழமைப் பெட்டியோடு நீர் மாத்திரை தீர்ந்துவிட்டது. மிச்சம் நான்கு சேவல் பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் நாலே நாலு மாத்திரைகள்தான் இருந்தன. ஐந்தாவதற்கு இடம் காலி.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவுக்குச் சோற்று வாளி கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்போது குடோன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். சீசன் நெருக்கத்தில் சாட்டை மத்தாப்பு தீர்ந்துபோனால் வேலை நிற்காது. அதே அளவில் பென்சில் மத்தாப்புக் கட்டு ஒன்றை அந்த இடத்தில் வைப்பார்கள். “பெட்டியில பொக்கை தெரியக் கூடாது, எண்ணிக்கை நிக்கணும்” என்று போர்மேன் சத்தம் போட்டுக்கொண்டே நடப்பார். நானும் அதைத்தான் செய்தேன். நீர் மாத்திரை சின்னது, வெள்ளை. சுகர் மாத்திரையும் சின்னது, வெள்ளை. சுகருக்கு இரண்டு அட்டை மீதம் இருந்தது. நான்கு பெட்டிகளிலும் அதில் இன்னொன்று சேர்த்துப் போட்டு மூடினேன். எண்ணிக்கை கச்சிதமாக நின்றது. போர்மேன் பார்த்திருந்தால் என்னை வேலைக்கே எடுத்திருப்பார்.

அம்மா வந்ததும் வராததுமாகப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். குளிக்கக்கூட இல்லை, முடியெல்லாம் அட்டைத் தூசி. “அஞ்சு, ஒண்ணு, மூணு” என்று முணுமுணுத்தபடி எண்ணினாள். வெள்ளிக்கிழமைப் பெட்டி வருவதற்குள் அவளுக்குக் கண் செருகியது.

“சரியா இருக்குத்தா. எம் புள்ள கெட்டிக்காரி” என்றவள், சோற்றுத் தட்டைக்கூடக் கழுவாமல் சுவரோரமாகப் படுத்துவிட்டாள்.

சனிக்கிழமையும் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. காலை பத்து மணி இருக்கும். கட்டிலை விட்டு எழுந்த தாத்தா நாலு எட்டு வைப்பதற்குள் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கை உதறுகிறது, என்னைப் பார்த்துத் தன் மகள், என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் இரண்டு வீடு தள்ளியிருந்த சிஸ்டரம்மா வீட்டுக்கு ஓடினேன். அவர் சிவகாசியில் நர்ஸ், வேதக்கோயில் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர். வந்து பார்த்ததுமே, “சீனி எங்கன இருக்கு? வெரசாக் கரைச்சுக் கொண்டா” என்றார். மடக்கு மடக்காகச் சீனித் தண்ணீரை அவர் புகட்டப் புகட்ட, தாத்தாவின் கண்ணில் ஆள் தெரிய ஆரம்பித்தது. கால் இரண்டும் வீங்கியிருந்ததையும் அவர்தான் அழுத்திப் பார்த்துக் காட்டினார். தம்பி குடோனுக்கு ஓடி அம்மாவைக் கூட்டி வந்தான். அவள் செருப்பில்லாமல் வந்தாள்.

சிஸ்டரம்மா அலமாரியில் மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைச் சேவலைத் திறந்து ஒரு தட்டில் கொட்டினார். சீட்டை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் இரண்டு வெள்ளை மாத்திரைகள் தனியாக நின்றன.

“சுகர் மாத்திரை ரெண்டு கெடக்கு. நீர் மாத்திரையக் காணோம். இன்னும் ரெண்டு நாள் இப்பிடியே போயிருந்தா ஆளையே பாத்திருக்க முடியாது. யாரு அடுக்குனது?”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நாந்தான் சிஸ்டர். தூக்கக் கலக்கத்துல மாத்திப் போட்டுட்டேன்.”

ஆட்டோ பிடித்துத் தாத்தாவை டாக்டரிடம் கூட்டிப் போய், சாயங்காலம் திரும்பினார்கள். அதற்குள் மல்லாங்கிணறிலிருந்து அத்தை வந்து சேர்ந்துவிட்டாள். தன்னைப் பெற்ற அப்பனை அம்மா கொல்லப் பார்த்ததாக வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். சீசன்தான் பெரிதா, மனுஷ உயிர் பெரிதில்லையா என்றாள். அம்மா உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தாள். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். நான் தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரும் என்னைக் கேட்காமல் இருக்க இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது பெரிய நிம்மதி. அம்மாவுக்குக் களைப்பில் நினைவே தப்பிவிட்டது, பெட்டிகளை அடுக்கியது தான்தான் என்று அவளே நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். மாரியம்மன் சக்தியுள்ளவள் என்றும் நினைத்தேன்.

அத்தை கடைசி பஸ்ஸுக்குப் போன பிறகு தாத்தா அம்மாவைக் கூப்பிட்டார்.

“ஏத்தா, வெள்ள ரெண்டு ஒண்ணு போல இருந்துச்சு. நான் வியாளக்கெளமையே பாத்தேன்.”

“அப்பவே சொல்லக் கூடாதா மாமா?”

“சொன்னா நீ மறுபடி விருதுநகருக்கு அலையணும். வேலைக்குப் போய்ட்டு வந்து நிக்கக்கூட முடியாமக் கெடக்க. சரி, அம்புட்டுத்தானன்னு முளுங்கிட்டேன்.”

“நல்லா முளுங்குனீக” என்ற அம்மா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் மாறிப்போய், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். தாத்தா அவள் தலைப்பக்கமாகக் கையை நீட்டிவிட்டு, எட்டாமல் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை குடோனுக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மா தாத்தாவோடு விருதுநகர் போய் வந்தாள். அன்று சாயங்காலமே இருபத்தொரு பெட்டிகளையும் தரையில் பரப்பினாள். நான் தள்ளியே நின்றேன். இனி என்னை வரிசையில் சேர்க்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியிருந்தது. “வந்து ஒக்காரு, நேரமாகுது” என்று என் பழைய இடத்தைக் காட்டினாள். நீர் மாத்திரை அட்டையையும் சுகர் மாத்திரை அட்டையையும் எடுத்து என் மடியிலேயே வைத்தாள்.

தம்பி “கெளம்பு” என்று முதல் பெட்டியைத் தள்ளினான். அம்மா அதைக் கையால் மறித்தாள்.

“ஏதாவது ஒண்ணு கொறஞ்சா எடத்தக் காலியா விட்ரு. வேற எதையும் வச்சு ரொப்பாத. காலியாக் கெடந்தாத்தான் எனக்குத் தெரியும்.”

சொன்னபோது அவள் தம்பியைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். தானே தப்புச் செய்ததாகச் சொன்னவள் எனக்கு எதற்குப் புத்தி சொல்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு சேவல் பெட்டியை எடுத்து, மாத்திரையைப் போட்டு, அவளிடம் தள்ளினேன்.