அடையாள அட்டையின் மேல் ஓட்டம்

முப்பத்தெட்டு வயதில் கண்டி வாவியைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். தொப்பையைக் குறைக்கத்தான் என்று ஆசிரியர் அறையில் நம்பினார்கள். தொப்பையும் அதற்கேற்ப முன்னால் நின்று சாட்சி சொன்னது. உண்மைக் காரணம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. மனைவியும் மகளும் அங்கே, நான் இங்கே, நடுவில் யுத்தம். ரயில் இல்லை. டிசம்பர் விடுமுறைக்குப் போவதென்றால் வவுனியாவுக்கு அப்பால் மைல்கணக்கில் நடை, பிறகு யாரோ ஒருவரின் சைக்கிள் கரியர், பிறகு படகு. போய் வந்த ஒருவர் சொன்னார்: "நடக்கேலாதவன் வெளிக்கிடப்படாது, மாஸ்டர்." நான் அதுவரை நடந்த அதிகபட்ச தூரம் வகுப்பறையிலிருந்து தேநீர்க் கடைவரை.

மூன்றாம் கிழமை வலது குதிக்கால் மறுத்துவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் ஆணி ஏறியதுபோலக் குத்தும். வாசிப்பில் எனக்குக் குறைவில்லை. நூலகத்திலிருந்த விளையாட்டு மருத்துவப் புத்தகத்தையும் வாசித்தேன். ஐஸ் வை, கெண்டைக்காலை நீட்டு, ஓய்வெடு என்றது. மூன்றையும் செய்தேன், கடைசியை முழு ஈடுபாட்டோடு. திரும்ப ஓடினால் திரும்பக் குத்தியது. விடுமுறைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது.

நொண்டியபடி சப்பாத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மடவளையிலிருந்து வருகிற முஸ்லிம் மனிதர், பழக்கமானவர்.

"இரிங்க மாஸ்டர். போட்டிருக்கிறதக் கழட்டுங்க, பாப்பம்."

என் வலது கான்வஸ் சப்பாத்துக்குள் கையை விட்டுத் துழாவி, உள்தட்டைத் தூக்கினார். குதிக்கால் படும் இடத்திலிருந்து என் தேசிய அடையாள அட்டை வெளியே வந்தது.

"இது என்ன?"

"ஐசி."

"அது தெரியுது. இங்க என்ன செய்யுது?"

ஓடும் காற்சட்டைக்குப் பை இல்லை என்று விளக்கினேன். அந்த நாட்களில் அட்டை இல்லாமல் தமிழன் கிணற்றடிக்கும் போகமாட்டான். அது உடம்போடு ஒட்டிய ஒன்று, முழங்கைபோல. முழங்கைமேல் யாராவது சந்தேகப்படுவார்களா?

"சென்றியில ஆமிக்காரன் கேட்டா?"

"குனிஞ்சு, கழட்டி, எடுத்துக் குடுப்பன்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஓடி வாற ஆள், ஆமிக்காரனுக்கு முன்னால திடீரெண்டு குனிஞ்சு சப்பாத்துக்குள்ள கைய உடுறது! குதிக்கால் நோவோட உட்ட அல்லாஹ்வப் புகழுங்க மாஸ்டர்."

புதிய சப்பாத்தை அப்போது தரவில்லை. காலையில் கால் சிறுத்திருக்குமாம். பின்னேரம் திரும்பிப் போனபோது, வீங்கிய பாதத்தை அளந்து, குதிக்கால் பக்கம் தடித்த ஒரு சோடியைப் போட்டுவிட்டு, முன்னால் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கால்விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கவேண்டும். கடைக்குள்ளேயே இரண்டு முறை நடந்தேன். வவுனியாவுக்கு அப்பாலும் நடந்துவிடலாம் போலிருந்தது. அந்தத் துணிச்சலில் கேட்டேன்: "மகளுக்கும் ஒண்டு வேணும். வெள்ளை, பள்ளிக்கூடத்துக்கு."

"எத்தின நம்பர்?"

எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஆறு வயது. இப்போது எட்டு. ஒன்றரை மாதம் பிந்தி வரும் கடிதங்களில் கணக்கில் எத்தனை புள்ளி என்று எழுதியிருந்தாள். கால் எவ்வளவு என்று எழுதவில்லை. இனிக் கேட்டு எழுதினால் பதில் வர டிசம்பர் போய்விடும். மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்து இவ்வளவு என்று காட்டினேன். பிறகு கொஞ்சம் விரித்தேன். பிறகு ஒடுக்கினேன். அவர் நாலைந்து சப்பாத்துகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். ஒரு காலத்தில் அவளுடைய பாதம் அங்கே முழுதாக அடங்கும்.

"இது சரியா இருக்கும் எண்டு நெனக்கிறன்," என்றேன்.

"அதுல ஒரு நம்பர் பெரிசா எடுங்க மாஸ்டர். பெரிசெண்டா பஞ்சு அடைக்கலாம். சின்னதெண்டா மாத்த வர ஏலுமா?"

நான் இரண்டு நம்பர் பெரிதாக எடுத்தேன். ஒன்று டிசம்பருக்கு. மற்றது, டிசம்பரில் பாதை திறக்காவிட்டால்.