இடதுபக்கம் இழுத்த வண்டி

போன வாரம் டயர் மாற்றுவதற்காகக் கழக்கூட்டத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். குளிர்சாதன அறையில் சோபா போட்டு உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் வண்டி மேடைமேல் நின்றது. கணினித் திரையில் நான்கு சக்கரமும் பச்சை நிறத்துக்கு மாறின. "எல்லாம் ஓகே ஆணு மேடம்" என்றார் கடைக்காரர். நான் எழுந்து வெளியே போய், இடது முன்சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உள்பக்கமாக எட்டிப் பார்த்தேன். புது ரப்பர் வாடையும் கிரீஸ் வாடையும் சேர்ந்து வந்தது. கடைக்காரர் முகம் சுருங்கிப் போனது. தன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். உண்மைதான், சந்தேகப்படத்தான் செய்தேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

இது எனக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு வேலை கிடைத்து மூன்றாவது வருஷம். மற்றவர்கள் எழுதிய நிரலில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. காலை ஒன்பதிலிருந்து ஆறு மணிவரை சந்தேகப்படச் சம்பளம் கொடுத்தார்கள். ஆறு மணிக்குமேல் நான் அதை இலவசமாகச் செய்தேன்.

அந்த நாட்களில்தான் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரன் அனூப்பிடமிருந்து ஒரு சிவப்புக் கார் வாங்கினேன். சின்னக் கார், பெரிய இன்ஜின். ஸ்பிரிங்கை மாற்றிச் சாதாரண வண்டியைவிட நாலு விரல்கடை தாழ்த்தியிருந்தான். வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். வேகத்தடையில் மட்டும் வயிறு உரசும். அலுவலகம் போகக் கம்பெனி பஸ் இருந்ததால் வாரநாளில் வண்டி வீட்டிலேயே நிற்கும். சனி, ஞாயிறில் நான் மகாராணி.

அம்மா இறந்தபிறகு அப்பா நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்திருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டினேன் என்பார். அது வெறும் பெருமையில்லை, நிஜமும்கூட. காரைக் கண்டதும், "இது என்ன மக்ளே, தரையில இழஞ்சு போவுது? எனக்கு இதுல ஏறி எறங்கவே முடியாது" என்று சொல்லிவிட்டார். ஆனால் தினமும் காலையில் அதைக் கழுவித் துடைப்பார். துணைக்கு ஆள் கிடைத்ததுபோல அதனோடு பேசிக்கொண்டே துடைப்பார். நான் அலுவலகம் போனபிறகு பஸ் பிடித்து ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய்வந்ததாகச் சொல்வார். அங்கே மொத்தக் கடைகளில் நம் ஊர்க்காரர்கள் உண்டு. பேசிவிட்டு, வத்தலோ கருப்பட்டியோ வாங்கி வருவார். நான் திரும்பும்போது வீட்டில் அந்தச் சாக்குப்பை வாசனை நிற்கும்.

இரண்டாவது மாதம் வண்டி இடதுபக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை விட்டால் தானாக ஓரத்துக்குப் போகும். பெரிய கடைகளின் மேடையில் அது ஏறவில்லை, மூக்கு இடித்தது. ஸ்ரீகாரியம் பக்கம் தங்கராஜ் என்று ஒருவர், இந்த மாதிரித் தாழ்த்திய வண்டிகளைப் பார்ப்பவர் என்று கேள்விப்பட்டுப் போனேன். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழர். தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கும் இடம். வண்டியின் இரண்டு பக்கமும் நைலான் நூலை இழுத்துக் கட்டி, சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார்.

"வண்டிய எறக்கினா வீலோட மேல்பக்கம் உள்ளாக்க சாயும் மேடம். அது கேம்பர். அப்புறம் வீல் நேரா பாக்காம வெளிய பாக்கும். அது டோ. ரெண்டும் சரியாக்கணும். இல்லெங்கில் டயரு உள்பக்கமா தேஞ்சு போகும், கேட்டோ."

சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் இருந்த ஒரு போல்ட்டைத் திருகிச் சாய்வைக் குறைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருப்பி, மறுபடி இறுக்கினார். வண்டி அம்பு மாதிரி போனது.

மூன்று வாரம்தான். மறுபடி இழுத்தது.

முதல் சந்தேகம் அனூப்மேல். இடிபட்ட வண்டியை என் தலையில் கட்டிவிட்டானா? மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். சிரித்தான். "இல்லடோ, ஒரு பூனையக்கூட அதில இடிச்சதில்லை." அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "ஆக்சிடென்ட் வண்டிய ஃப்ரெண்டுக்கே விக்க உனக்கு எப்படி மனசு வந்துது?" என்று கேட்டுவிட்டேன். அவன் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன். சனிக்கிழமை வண்டியை எடுத்தால் இடதுபக்கக் கண்ணாடி எப்போதும் வெளியே பார்த்துத் திரும்பியிருக்கும். கண்ணாடியைத் தொட்டாரா என்று மட்டும் அவரிடம் கேட்டதற்கு, "ஞான் தொட்டிட்டே இல்லா" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தவரை நான் இன்னும் கூடுதலாகச் சந்தேகித்தேன்.

தங்கராஜ் இரண்டாம் முறை சரிசெய்தார். "எங்கயாச்சும் ஏத்தி எறக்கினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று வெட்டினாற்போலச் சொன்னேன். இரண்டு வாரத்தில் மீண்டும் இழுத்தது. ஆக இந்த ஆள் நட்டை முழுதாக இறுக்குவதில்லை, திரும்பத் திரும்ப வரவைக்கத்தான் இந்த வேலை என்று முடிவுகட்டினேன். மூன்றாம் முறை வேலை முடிந்து அவர் கைகழுவப் போன நேரத்தில், பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, நட்டுக்கும் கம்பிக்கும் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு போட்டேன். மேலே அந்தப் போல்ட்டுக்கும் ஒன்று. நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு முறியும். அன்று நான் வண்டி ஓட்டி வந்த பெருமிதத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

பத்தே நாளில் மறுபடி இழுத்தது. ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். பஸ் ஓட்டியவர், இந்த ஆளின் தில்லுமுல்லு அவருக்கும் தெரியட்டும் என்று. வழியெல்லாம் நான்தான் பேசினேன்.

தங்கராஜ் சக்கரத்தைக் கழற்றினார். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்புக் கோடுகள் முறியவில்லை. போட்டபடியே இருந்தன.

அவரும் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கம்பியின்மேல் ஒரு ஸ்கேலை வைத்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "நட்டு அசையவே இல்ல மேடம். கம்பி வளஞ்சிருக்கு. கீழ வீலப் பிடிச்சிருக்கிற ஆர்மும் வளஞ்சிருக்கு. இது இடி கொண்டதாக்கும். ஃபுட்பாத்துல நல்லா கொண்டிருக்கு."

"நான் எங்கயும் இடிக்கல. வேற யாரும் ஓட்டறதும் இல்ல."

"பின்ன எப்படி மேடம்?"

"அத நீங்கதான் சொல்லணும். டிரையல் பாக்கறேன்னு எடுத்துட்டுப் போறது நீங்கதான? இடிச்சிட்டு இப்ப கத சொல்றீங்களா?"

பக்கத்தில் வண்டி பார்க்க வந்திருந்த இரண்டுபேர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராஜ் ஸ்கேலைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பதினெட்டு வருஷமா இந்தப் பணி செய்யிறேன். இப்படி ஒரு வார்த்த கேட்டதில்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

"அந்த மனுசன ஒண்ணும் சொல்லாத மக்ளே."

அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

"நாந்தான் இடிச்சேன். நாலு தடவ இடிச்சேன்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவர் என்னைப் பார்க்காமல் தங்கராஜைப் பார்த்துத்தான் பேசினார். தினமும் பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போயிருக்கிறார். வெறுமனே வீட்டில் இருக்கமுடியவில்லையாம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்ததாம். சந்துகளில் லாரிக்கு ஒதுங்கும்போது இடது சக்கரம் நடைபாதைக் கல்லில் போய் மோதும். வந்து டயரின் கீறலைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார்.

"ஓட்டத் தெரியாம இல்ல தம்பி. எடது பக்கம் வாறது எனக்குத் தெரியமாட்டேங்கு. கண்ணாடியத் திருப்பித் திருப்பி வச்சுப் பாத்தேன். நெருங்கி வந்த பொறவுதான் தெரியுது."

தங்கராஜ் துணியைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு நேராக நின்று, தன் வலதுகையை நீட்டி அவருடைய இடது காதுப்பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். "காணும்போ சொல்லுங்க ஐயா." கை மூக்குக்கு நேராக வரும்வரை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "இன்னைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மேடம். வண்டி இங்க கிடக்கட்டு." ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருந்தது. இடது கண்ணில் போனது போனதுதான் என்றார் டாக்டர். வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. அதைச் சொட்டு மருந்தால் நிறுத்திவிடலாம், இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் முடியாது என்றார். வெளியே பெஞ்சில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைசென்ச நீயே வச்சுக்க" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

அடுத்த வாரம் தங்கராஜிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஐயாவுக்குக் கண்ணு எப்படி?" என்றுதான் கேட்டார். கம்பியையும் ஆர்மையும் மாற்றி, பழைய உயரமான ஸ்பிரிங்கையே போட்டுக் கொடுத்தார், அப்பா ஏறி இறங்க வசதியாக இருக்கட்டும் என்று. வாட்ச்மேனிடமும் சொன்னேன்.

அனூப்பிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு என்றே பல நாள் போனது. தப்பை ஒத்துக்கொள்ளப் பக்கத்து இருக்கைக்குத் திரும்ப எனக்கு மனசு வரவில்லை. ஒரு திங்கட்கிழமை அவன் இருக்கை காலியாக இருந்தது. பெங்களூரில் வேலையாம். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லுவான் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

அப்பா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார், "வண்டி வித்த அந்தப் பையன்ட்டயும் சொல்லிட்டியா மக்ளே? என்னால அவனுக்கும்லா கெட்ட பேரு."

"சொல்லிட்டேன்ப்பா. சிரிச்சான்" என்றேன்.

அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "நல்ல பையன்" என்று சோற்றைப் பிசைந்தார். அதன்பிறகு பலமுறை அந்த நல்ல பையனைப்பற்றி விசாரித்தார். ஒவ்வொரு முறையும் நானும் ஏதாவது சொல்லி வைத்தேன்.

ஸ்ரீகாரியம் சாலையை அகலப்படுத்தியபோது தங்கராஜின் தகரக் கூரை போயிற்று. அவர் எங்கே போனார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சிவப்பு வண்டியும் கைமாறிப் போயிற்று. அப்பா கடைசிவரை வலது கண்ணால் பேப்பர் படித்தார். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அனூப்பின் எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பெண் எடுத்தாள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.