எட்டெழுத்தில் அடங்காத முனியாண்டிகள்

சர்வரைப் பார்த்துக்கொள்வது சமையல் மாதிரி: ஒழுங்காக நடக்கும்வரை நம்மை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மாரடித்த அக்காமார்களே, இது உங்களுக்குத்தான். தொண்ணூறுகளில், மலேசியாவில் பகாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஆபீஸ் ஒன்றில் எனக்கு அந்த வேலை.

யாருடைய பிள்ளைகள்?

தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். அப்போது ஃபைல் பெயருக்கு எட்டே எழுத்துதான் இடம். முனியாண்டி என்று ஆங்கிலத்தில் அடித்தாலே எட்டும் தீர்ந்துவிடும். எஸ்டேட் வரிசை வீடுகளிலோ கோயில் லயத்து முனியாண்டி, பால் நிறுக்கும் பால்கொட்டாய் முனியாண்டி, லோரி முனியாண்டி என்று எங்கே பார்த்தாலும் முனியாண்டி. பெயரின் வாலை வெட்டி நம்பர் போட்டு வைத்தோம். எந்த நம்பர் எந்த ஆள் என்று யாருக்கு ஞாபகம்?

எங்கள் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கந்தையா, ஒருநாள் தவறான ஃபைலைத் திறந்து, "மூன்று பிள்ளைகளும் நலமா?" என்று விசாரித்தார். எதிரே நின்ற முனியாண்டி தலையைச் சொறிந்தார்: "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலைங்க ஐயா. அந்த மூணும் இப்ப எங்க இருக்கு?"

கந்தையாவின் காவியம்

பிறகு சர்வரின் டிஸ்க் வட்டில் நீளப் பெயர் வைக்கும் வசதியைச் சேர்த்தேன். கந்தையாவுக்குக் கை கட்டவிழ்ந்தது. 'கோயில் லயம் முனியாண்டி மாட்டுக்காரர் கோபக்காரர் காலையில் கூப்பிட வேண்டாம்': இது ஒரே ஒரு ஃபைலின் பெயர்! நீளப் பெயர் சர்வரின் மெமரியைத் தின்னும் என்று கத்தினேன். மனிதர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "நான் பென்ஷன் போனா, வாறவனுக்கு இதெல்லாம் ஆர் சொல்லுறது, பிள்ளை?"

மேனேஜரின் சீட்டாட்டம்

எஸ்டேட் கைமாறியது. லயத்துக்காரர்களுக்கு மாற்று வீடு ஒதுக்க அதிகாரி வரும் நாள் காலையில் கரண்ட் போய் வந்தது. சர்வர் எழுந்தது, ஃபைல்கள் இருந்த வட்டு மட்டும் எழவில்லை. மெமரி போதவில்லையாம். சிரம்பானிலிருந்து டெக்னீஷியன் போனில், "நீளப் பெயரை எடுத்துடுங்க சிஸ்டர், ஏறிடும்லா" என்றான். எடுத்தால் மறுபடி எட்டெழுத்து. ஒவ்வொன்றாகத் திறந்து ஆளைப் பிரிக்க நேரமில்லை. அதிகாரி வரும்போது ஃபைல் கையில் இல்லாதவருக்கு வீடு இல்லை. வாசல் பெஞ்சில் முனியாண்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பின் டவுனுக்குப் போயிருந்த மேனேஜரின் மேஜையைப் பார்த்தேன். ஆபீஸிலேயே அதிக மெமரி உள்ள கம்ப்யூட்டர் அவருடையது. அதில் அவர் ஆடியது சீட்டு மட்டும். யாரையும் கேட்கவில்லை. அதன் மெமரியில் பாதியைக் கழற்றிச் சர்வரில் சொருகினேன். வட்டு ஏறியது. ஒவ்வொரு நீளப் பெயராகக் கந்தையா உரக்கப் படிக்க, உரியவர் எழுந்து உள்ளே போனார். "கோபக்காரர்" வந்தபோது பெஞ்சே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மாலைக்குள் எல்லாருக்கும் வீடு எழுதியாயிற்று.

இன்று அந்த லயமும் இல்லை, கந்தையாவும் இல்லை. மெமரியைக் கழற்றிய மறுநாள் மேனேஜர் அறையிலிருந்து வந்த குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: "யாரும்மா அங்க, என் ராணி ஏன் நகர மாட்டேங்குது?"

இப்போது என் சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் நீளமாகப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன், என் வீட்டுக்காரருக்குத்தான் முதல் எட்டெழுத்தைத் தாண்டிப் படிக்கப் பொறுமையில்லை.