முன்னால் புறப்பட்ட பை

ராகு காலத்தில் ரத்தினம்மா வாசல் தாண்ட மாட்டாள். வேலைக்குப் போவதற்கு மட்டும் விலக்கு. சிங்கப்பூர் தேக்காவில் அவள் வேலை பார்க்கும் பாத்திரக் கடையின் முதலாளிக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. மற்றபடி பயணம் என்றால் காலண்டரைப் பார்க்காமல் செருப்பில் கால் நுழையாது.

அப்படிப்பட்டவளுக்கு வந்தது ஒரு சோதனை. தம்பி சரத்துக்கு மலேசியாவில், ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் முகூர்த்தம். தாய் போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். நாற்பது வயதில் ஒருவழியாகக் கல்யாணத்துக்குத் தலையாட்டியிருந்தான். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் அக்கா போட வேண்டும். இவள் போய்ச் சேராவிட்டால் அந்த முடிச்சுகளை வேறு ஒருத்தி போட்டுவிடுவாள். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்குமா?

காதில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். மிச்சம் ரயில்தான். அப்போதெல்லாம் உட்லண்ட்ஸில் ஏறிப் பாலம் தாண்டி ஜொகூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து கேமாஸுக்கு ஒரு ரயில். கேமாஸில் மாறினால் ஈப்போவுக்குக் கடைசி ரயில். கணவர் பரமசிவம் கல்யாண வேலைக்காக முன்பே போய்விட்டார். இவளுக்குச் சனிக்கிழமைதான் லீவு கிடைத்தது. கிளம்ப வேண்டிய நேரமோ சரியாக ராகு காலத்தில் விழுந்தது.

அதற்கும் வழி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, புக்கிட் பாத்தோக்கில் தன் பக்கத்து வீட்டு நூர்தீனிடம் பையைக் கொண்டுபோய் வைத்தாள். பரஸ்தானம் என்பார்கள். பை வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியது போலத்தான். அப்புறம் ராகு என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை நூர்தீன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. போன் போட்டாள். குடும்பத்தோடு கேலாங் செராய் சந்தையில் இருந்தார்.

"பாய், என் பை உங்க வீட்ல இருக்கு."

"தெரியும்கா. சாமி பைதானே, சாயங்காலம் வந்து எடுத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்குள்ளதான் பாஸ்போர்ட் இருக்கு."

"சாமி பைக்குள்ள யாராச்சும் பாஸ்போர்ட் வைப்பாங்களா லா?"

"பயணம் போற பையில பாஸ்போர்ட் வைக்காம முருங்கைக்காயா வைப்பாங்க? வாங்க பாய், சீக்கிரம்."

அவர் டாக்சி பிடித்து வந்து கதவைத் திறப்பதற்குள் உட்லண்ட்ஸ் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு டிக்கெட் இல்லை. வேறு வழியில்லாமல் வாந்திக்கென்று கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு பஸ் ஏறினாள். பாலத்தில் வண்டிகள் அசையவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "முருகா, ஜொகூர் ரயில் லேட்டாகணும்" என்று வேண்டினாள்.

முருகன் கேட்டுக்கொண்டான். ஜொகூரில் அவள் ஓடி இறங்கியபோது கேமாஸ் ரயில் இன்னும் வந்திருக்கவில்லை. வந்து, இவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதுதான் நெஞ்சில் உறைத்தது. இது லேட்டானால் கேமாஸில் ஈப்போ ரயில் போய்விடுமே. கேட்ட வரத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

வழியில் குளுவாங்கில் ரயில் நின்றது நின்றதுதான். எதிரே வரும் வண்டிக்கு வழி விடுகிறார்களாம். டிக்கெட் பார்க்கும் ஜலாலுதீனுக்குத் தமிழ் தெரிந்தது அவர் செய்த பாவம்.

"தம்பி, ஈப்போ ரயில் நிக்குமா?"

"அதுவும் லேட்டுன்னுதான் சொல்றாங்க. எவ்வளவுன்னு அவங்களுக்கே தெரியலை. நீங்க உட்காருங்கக்கா. நீங்க நின்னா ரயில் வேகமா போகாது."

"உட்கார்ந்தா மட்டும் போகுதா?"

சரத் போன் போட்டான். ரத்தினம்மா சொன்னாள்: "எதுக்கும் சித்தி மக திவ்யதர்ஷினிகிட்ட சொல்லி வைடா."

"அவளுக்கு முடிச்சுப் போடத் தெரியாதுக்கா. ஷூ லேஸே நான்தான் கட்டிவிடுவேன்."

"தெரியாதுல்ல? அப்ப வேணாம். நான் வரேன்." சொல்லிவிட்டு மணியைப் பார்த்தாள். ரயில் மறுபடி கிளம்பியபோதும் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன.

கேமாஸில் ரயில் நுழையும்போதே, எதிர்ப் பிளாட்பாரத்தில் ஈப்போ ரயில் நிற்பது தெரிந்தது. கதவுகள் திறந்துதான் இருந்தன. ஆனால் நடுவில் மேம்பாலம். பைக்குள் பட்டுச்சேலையோடு தம்பிக்கு வாங்கிய குத்துவிளக்கும் இருந்ததால், நாலு படி ஏறியதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜலாலுதீன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவள் மறுபக்கம் இறங்கியபோது பை ரயிலுக்குள் இருந்தது. அவருடைய ஒரு கால் கதவிடுக்கில் இருந்தது. உள்ளிருந்து ஒருவர் மலாயில் திட்டிக்கொண்டிருந்தார். அவள் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது.

விடியலில் ரத்தினம்மா இரண்டு முடிச்சையும் போட்டாள். அவள் இழுத்த இழுப்பில் மணப்பெண் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இனி அவுழாது" என்றாள் ரத்தினம்மா.

ஊர் திரும்பியதும் நூர்தீன் கேட்டார். "இனிமேலாவது பாஸ்போர்ட்டை இடுப்புல கட்டிக்குவீங்களாக்கா?"

"எதுக்கு? கேமாஸ்லயும் பைதான் பாய் முதல்ல ஏறிச்சு. நான் பின்னாலதான் போனேன்."

அடுத்த பயணத்துக்கும் பை அவர் வீட்டுக்குத்தான் போனது. பாஸ்போர்ட்டும் உள்ளேதான் இருந்தது. இந்த முறை அவர் வீட்டுச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.